பட்டியலும் ஒரு படகுதான்!



நம் பள்ளிக் கணினி மன்றத்தில் நான் சேர்ந்த அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "அங்க போயி கேம்தான ஆடப் போற?" என்றாள் அக்கா. தாத்தா மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார். "வெள்ளம் வந்தா மொதல்ல கரண்டு போவும். கரண்டு போனா உன் கம்ப்யூட்டரு வெறும் பொட்டி. அந்த நேரத்துல அது யாருக்கு ஒதவும்?"

நியாயமான கேள்வி. தென்பெண்ணைக் கரையில் இருக்கிற நமக்கு இது பரீட்சையில் வராது. ஆனால் பதில் தெரிந்தே ஆக வேண்டும். புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி வந்த இடங்களில் கணினி தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள், 2024 வெள்ளத்துக்குப் பிறகு நம் மன்றம் என்ன செய்தது, இனிமேல் என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். கட்டுரை கொஞ்சம் நீளம்தான். இரண்டு இடைவேளையில் படித்து முடித்துவிடலாம்!

வெள்ளம் எதையெல்லாம் அடித்துக்கொண்டு போகும்?

வீடு, ஆடு மாடு, நெல்லு, கரும்பு, பாத்திரம், புத்தகப்பை. இவ்வளவும் நமக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் போய்விடுகிறது. அதுதான் தகவல்.

யார் எங்கே இருக்கிறார்கள்? யார் முகாமுக்குப் போனார்கள், யார் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள்? எந்தத் தெருவில் கைக்குழந்தை இருக்கிறது? யாருக்கு சர்க்கரை மாத்திரை வேண்டும்? சாதாரண நாளில் இதெல்லாம் ஊரில் யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும். வெள்ளம் வந்தால் ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விடுவார்கள். போன் சார்ஜ் இருக்காது. சொல்ல ஆளிருக்காது.

அப்போது என்ன நடக்கும்? உதவி செய்ய லாரி வரும். மெயின் ரோட்டில் நிற்கும். ரோட்டோரத்து வீட்டுக்கு மூன்று போர்வை கிடைக்கும், உள்தெருவுக்கு ஒன்றுகூட வராது. கொண்டு வந்தவர்கள் நல்லவர்கள்தான். யாருக்கு எது வேண்டும் என்ற விவரம் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

கணினி மன்றத்தின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. சோறாக்க நமக்குத் தெரியாது, படகு ஓட்டத் தெரியாது. ஆனால் பட்டியல் போடத் தெரியும்!

இலங்கையில் பிறந்த 'சஹானா'

சஹானா என்றால் நமக்குத் தெரிந்தது கர்நாடக இசையில் ஒரு ராகம். சிங்கள மொழியில் அந்தச் சொல்லுக்கு 'நிவாரணம்' என்று பொருள். அந்தப் பெயரில் ஒரு மென்பொருள் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா தீவின் அருகே கடலுக்கடியில் 9.1 அளவில் நிலநடுக்கம் வந்தது. அதனால் எழுந்த சுனாமியில் 14 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். நம் கடலூர்க் கரையும் தப்பவில்லை. இலங்கையில் 30,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். மட்டக்களப்பு, அம்பாறை, முல்லைத்தீவு, காலி என்று அந்த நாட்டின் கரையோரம் பெரும்பாலும் பாதிக்கப்பட்டது.

அப்போது இலங்கையில் இருந்த மென்பொருள் ஆட்கள், 'லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பின் ஒருங்கிணைப்பில், சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதி முடித்தார்கள். அதுதான் சஹானா. நம் மேல்நிலைப் பாடத்தில் பெயர் வருகிற அதே பி.எச்.பி., மை எஸ்.க்யூ.எல். வைத்துத்தான் எழுதினார்கள்!

சஹானாவுக்குள் முக்கியமாக நான்கு பதிவேடுகள்:

1. காணாமல் போனவர்கள் பதிவேடு
2. முகாம்கள் பதிவேடு: எந்த முகாமில் எத்தனை பேர்
3. உதவி அமைப்புகள் பதிவேடு: யார் எந்த ஊரில் வேலை செய்கிறார்கள்
4. தேவைகள் பதிவேடு: எங்கே என்ன வேண்டும், யார் கொடுக்கிறார்கள்

மூன்றாவதைக் கவனியுங்கள். பத்து அமைப்புகள் உதவ வந்தால், பத்தும் ஒரே ஊருக்குப் போய்விடக் கூடாதல்லவா? அதற்காகத்தான் அந்தப் பதிவேடு.

சஹானாவைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். அதாவது யார் வேண்டுமானாலும் நிரலை எடுக்கலாம், மாற்றலாம், காசு கொடுக்க வேண்டாம். அதனால் 2005 அக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோதும், 2006-இல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவின்போதும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின்போதும் சஹானா உதவிக்குப் போனது. ஒரு நாட்டின் துயரத்தில் எழுதிய நிரல் இன்னொரு நாட்டுக்கும் பயன்பட்டது.

ஒரே ஆளைத் தேட எத்தனை பட்டியல்?

2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் லூசியானா கரையை 'கத்ரீனா' சூறாவளி தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கரைகள் உடைந்து நகரத்தின் பெரும்பகுதி மூழ்கியது. பணக்கார நாடு, கணினிக்குப் பஞ்சமில்லை. அங்கே வந்த சிக்கலே வேறு. பட்டியல் இல்லாமல் போகவில்லை, ஏகப்பட்ட பட்டியல்கள் வந்துவிட்டன!

ஒரு தளத்தில் அம்மா மகனைத் தேடி எழுதியிருப்பார். இன்னொரு தளத்தில் மகன் "நான் பத்திரமாக இருக்கிறேன்" என்று எழுதியிருப்பான். இரண்டு பேரும் தகவல் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று பார்க்காது.

இதற்காகத் தன்னார்வலர்கள் ஒரு பொது வடிவத்தை உருவாக்கினார்கள். எந்தப் பட்டியலாக இருந்தாலும் பெயர், ஊர், கடைசியாகப் பார்த்த இடம், தகவல் சொன்னவர், சொன்ன நேரம் ஆகியவற்றை ஒரே மாதிரி எழுத வேண்டும். அப்படி எழுதினால் ஒரு பட்டியலை இன்னொன்றோடு சேர்க்கலாம். பிறகு ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தே, சிதறிக் கிடந்த செய்திகளைப் படித்து அந்த வடிவத்தில் தட்டச்சு செய்தார்கள். 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது கூகுள் நிறுவனம் தொடங்கிய 'பர்சன் ஃபைண்டர்' சேவையும் இதே வடிவத்தைத்தான் பயன்படுத்தியது.

நாம் டேட்டாபேஸ் பாடத்தில் 'ஃபீல்டு, ரெக்கார்டு' என்று மனப்பாடம் செய்கிறோமே, அதற்கு இவ்வளவு பெரிய அர்த்தம் இருக்கிறது.

ஜப்பானில் ஒரு சுவர்ப் பத்திரிகை!

இந்தப் பகுதியை எழுத எனக்கு ரொம்ப ஆசை. ஏனென்றால் இது நம் சுவர்ப் பத்திரிகைக்குச் சொந்தக்காரக் கதை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் 9.0 அளவில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. கணினியில் முன்னணியில் இருக்கிற நாடு. ஆனால் அன்று இஷினோமாகி என்ற ஊரில் கரண்டு இல்லை, அச்சு இயந்திரம் ஓடவில்லை. அந்த ஊரின் செய்தித்தாளான 'இஷினோமாகி ஹிபி ஷிம்பூன்' என்ன செய்தது தெரியுமா? பெரிய தாளில் மார்க்கர் பேனாவால் செய்திகளைக் கையாலேயே எழுதி, மக்கள் தங்கியிருந்த முகாம்களில் ஒட்டியது. ஒரு நாள் இல்லை, ஆறு நாள் தொடர்ந்து! மக்கள் அதன் முன்னால் நின்று படித்தார்கள், இப்போது நீங்கள் நின்று படிக்கிற மாதிரியே.

அதே நாட்களில் முகாம்களின் சுவர்களில் இன்னொன்றும் ஒட்டியிருந்தது. அங்கே தங்கியிருப்பவர்களின் பெயர்கள், கையால் எழுதியவை. அங்கே போனவர்கள் அந்தத் தாள்களைப் போனில் படம் எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். வேறு ஊர்களில் கரண்டோடு இருந்த தன்னார்வலர்கள் படத்தைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்து பர்சன் ஃபைண்டரில் சேர்த்தார்கள். டோக்கியோவில் இருக்கும் மகள் அப்பா பெயரைத் தட்டினால், எந்த முகாம் என்று வந்துவிடும்.

தாத்தாவின் கேள்விக்கு முதல் பதில் இதுதான். கரண்டு இல்லாத இடத்தில் தாளும் பேனாவும் வேலை செய்யும். கரண்டு இருக்கிற இடத்தில் கணினி வேலை செய்யும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

வெறுமையாக இருந்த வரைபடம்

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டி நாட்டின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் அருகே 7.0 அளவில் நிலநடுக்கம். மீட்புக் குழுவினர் பல நாடுகளிலிருந்து வந்து இறங்கினார்கள். ஆனால் அந்த நகரத்துக்கு இணையத்தில் ஒழுங்கான வரைபடமே இல்லை. எந்தச் சந்து எங்கே போகும் என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையக்கூடிய உலக வரைபடம். அதில் இருந்த நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ரோடு, வீடு, முகாம் என்று கோடு போட்டு வரைந்தார்கள். சில நாட்களிலேயே வெறுமையாக இருந்த நகரம் முழு வரைபடமாகிவிட்டது. மீட்புக் குழுவினர் அதைத் தங்கள் ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஹைட்டியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நேபாளத்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே 'காத்மாண்டு லிவிங் லேப்ஸ்' என்ற குழு, நிலநடுக்கம் வருவதற்கு முன்பே மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வரைபடத்தில் குறித்து வந்தது. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தபோது வரைபடம் தயாராக இருந்தது. முன்கூட்டியே செய்த வேலைக்கு எப்போதும் மதிப்பு அதிகம்.

கேரளத்தில் படகும் பட்டியலும்

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களில் தங்கினார்கள். அந்த மாநிலத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் படகு எந்த வீட்டுக்குப் போக வேண்டும்? அதைச் சொல்ல 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையதளம் உருவானது. மாநில அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்போடு தன்னார்வலர்கள் சேர்ந்து அதைச் செய்தார்கள். கல்லூரி மாணவர்களும் நிரல் எழுதினார்கள். மாட்டிக்கொண்டவர்களும், வெளியூரில் இருந்த அவர்கள் சொந்தக்காரர்களும் அதில் இடத்தைப் பதிவு செய்தார்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல். ஒரே வீட்டுக்காக அண்ணன் ஒரு பதிவு, தங்கை ஒரு பதிவு, துபாயில் இருக்கும் மாமா ஒரு பதிவு! காலையில் காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் சாயங்காலமும் பட்டியலில் பெயர் நிற்கிறது. படகு அங்கே வீணாகப் போனால், நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு நேரமாகிவிடும். அதனால் தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு, "இன்னும் அங்கேதான் இருக்கீங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் பட்டியலைச் சுத்தம் செய்தார்கள். இந்த வேலைக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.

இப்போது சொல்லுங்கள், பட்டியலும் ஒரு படகு மாதிரிதானே?

நம் ஊரில் நடந்தது

2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் போய்விட்டது என்று நினைத்தோம். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் மாடியில் நின்று பார்த்தவர்கள்தான்.

நம் பள்ளி முகாமானது. ஹைடெக் லேப் கணினிகளை முன்பே சார் சொல்லி மேல்மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. ஆனால் கரண்டு இல்லை. அதனால் கோடு போட்ட நோட்டில் ஆரம்பித்தோம். தெரு, கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், குழந்தை, முதியவர், மருந்து, என்ன சேதம். அண்ணன்கள் மேலத்தெருவும் காலனியும், நாங்கள் கீழத்தெருவும் ஆற்றங்கரைத் தெருவும். சார் தன் லேப்டாப்பைப் பக்கத்து ஊரில் சார்ஜ் போட்டு பைக்கில் எடுத்து வந்தார். நாங்கள் படிக்கப் படிக்க இரண்டு அக்காக்கள் தட்டச்சு செய்தார்கள்.

அதற்குள் ஊரில் வேறு மூன்று பட்டியல் இருந்தது. ரேஷன் கடைப் பட்டியல் ஒன்று. முகாமில் கையெழுத்து வாங்கிய நோட்டு ஒன்று. வெளியூரிலிருந்து உதவ வந்த ஒரு குழு டோக்கன் கொடுத்த பட்டியல் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலை சுற்றும்!

ஒன்றில் 'ப. செல்வி'. இன்னொன்றில் 'செல்வி பழனி'. மூன்றாவதில் வெறும் 'செல்வி'. இது ஒருத்தரா, இரண்டு பேரா, மூன்று பேரா? நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே தெருவில் நான்கு செல்வி இருப்பார்கள். பெயரை வைத்துக் கணினி கண்டுபிடிக்காது. கதவு எண்ணையும் அப்பா அல்லது கணவர் பெயரையும் சேர்த்து வைத்தால்தான் ஆள் யாரென்று தெரியும். புத்தகத்தில் 'பிரைமரி கீ' என்று படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது.

எல்லாவற்றையும் ஒரே தாளாக்கி, தெருவாரியாக, கதவு எண் வரிசையில் அடுக்கினோம். உடனே இரண்டு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சில வீடுகளுக்கு இரண்டு தார்ப்பாய் போயிருந்தது, சில வீடுகளுக்கு ஒன்றும் போகவில்லை. இன்னொன்று, ஆற்றங்கரைத் தெருவில் வரிசை நடுவில் ஒரு எண் விட்டுப் போயிருந்தது.

"அந்த வீடு காலியாத்தான் இருக்கும்" என்றார்கள் சிலர். சார், "போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க" என்றார்.

போனோம். சவுக்குத் தோப்புக்கு ஒட்டினாற்போல் இருந்தது வீடு. ஒரு பக்கச் சுவர் விழுந்திருந்தது. ஒரு ஆயா, ஒரு ஆட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். ரேஷன் கார்டில் அவர் பெயர் வெளியூரில் இருக்கும் மகன் வீட்டோடு இருக்கிறது, அதனால் முதல் பட்டியலில் இல்லை. "ஆட்ட வுட்டுட்டு எப்புடி வர்றது?" என்று முகாமுக்கு வரவில்லை, அதனால் இரண்டாவதில் இல்லை. டோக்கன் கொடுத்தவர்கள் மெயின் ரோட்டோடு போய்விட்டார்கள், அதனால் மூன்றாவதிலும் இல்லை. மூன்று பட்டியலும் உண்மைதான். மூன்றிலும் ஆயா இல்லை.

விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டோம். கிளம்பும்போது ஆயா, "எம் பேர எழுதிக்கினியா பாப்பா? எங்க, படி பாப்பம்" என்றார். படித்துக் காட்டினேன். "ம்... சரி" என்று தலையாட்டினார். அன்று சாயங்காலமே பட்டியலைப் பிரிண்ட் எடுக்க முடியாமல், கையாலேயே நகல் எழுதி ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தோம். மறுநாள் அரிசியும் தார்ப்பாயும் அந்த வீட்டுக்குப் போனது.

நான் அன்று தெரிந்துகொண்டது இதுதான். போன் வைத்திருப்பவர், நெட் இருப்பவர், வாய் திறந்து கேட்பவர் எப்படியாவது பட்டியலில் வந்துவிடுவார். கேட்கத் தெரியாதவர் விட்டுப் போவார். எங்கே இடைவெளி இருக்கிறது என்று கணினி காட்டும். அந்த இடத்துக்கு நடந்து போக வேண்டியது நாம்.

நல்ல பட்டியலுக்கு ஆறு இலக்கணம்

1. வீட்டிலிருந்து தொடங்கு. ஆட்களைத் தேடி எழுதாமல் கதவு எண் வரிசையில் எழுதினால்தான் விடுபட்டது தெரியும்.

2. பெயரோடு இன்னொரு அடையாளம் எழுது. அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், தெரு, வயது.

3. நேரம் எழுது. "தண்ணீர் இடுப்பளவு" என்றால் எப்போது? காலை 6 மணிக்கா, மாலை 6 மணிக்கா? நேரம் இல்லாத செய்திதான் வாட்ஸ்அப்பில் சுற்றி வதந்தியாகிறது.

4. யார் சொன்னது என்று எழுது. நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பது முக்கியம்.

5. முடிந்ததை முடிந்தது என்று குறி. பழைய பெயரை அழிக்காதே. பக்கத்தில் 'கொடுத்தாயிற்று' என்று தேதி போடு.

6. எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டாதே. போன் எண், ஆதார் எண், தனியாக இருக்கும் பெண்கள் விவரம், நோய் விவரம் ஆகியவற்றைச் சுவரிலும் ஒட்டக் கூடாது, குரூப்பிலும் போடக் கூடாது. பொறுப்பானவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். உதவி கேட்டவரின் மானமும் நம் கையில்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியுமா?

* 1070: மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் எண்.
* 1077: மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண்.
* 'டிஜிலாக்கர்' 2015-இல் மத்திய அரசு தொடங்கிய சேவை. மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை அதில் எடுத்து வைத்துக்கொண்டால், தாள் நனைந்தாலும் விவரம் நனையாது.
* சஹானாவுக்கு 2006-ஆம் ஆண்டுக்கான 'சமூக நலத் திட்ட விருது' கிடைத்தது. கொடுத்தது அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை.

மழைக்கு முன்னால்

நேபாளத்தில் பார்த்தோம், முன்பே வரைந்து வைத்த வரைபடம்தான் கை கொடுத்தது. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். நிலநடுக்கம் மாதிரி இல்லாமல் நமக்கு மாதம் தெரியும், ஆற்றின் பெயர் தெரியும், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதும் தெரியும். இவ்வளவு தெரிந்தும் பட்டியலை வெள்ளத்துக்குப் பிறகு எழுதுவானேன்?

அதனால் கணினி மன்றம் இந்த ஆண்டு தட்டச்சுப் போட்டியோடு இன்னொரு வேலையையும் எடுத்திருக்கிறது. அக்டோபருக்கு முன்னால் ஊர் முழுவதற்கும் தெருவாரிப் பட்டியல். அதில் மூன்று கேள்விதான்: இந்த வீட்டில் தனியாக நடக்க முடியாதவர் உண்டா? தினமும் மருந்து எடுப்பவர் உண்டா? ஆடு மாடு உண்டா? மூன்றாவது கேள்வி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஆட்டை விட்டு வராத ஆயாவை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும்.

பட்டியல் இரண்டு நகலாக இருக்கும். ஒன்று லேப் கணினியிலும் பென் டிரைவிலும். இன்னொன்று தாளில், பிளாஸ்டிக் உறைக்குள், மேல்மாடி பீரோவில். கரண்டு போனாலும் தாள் இருக்கும். விவரங்களைத் தலைமையாசிரியரும் கணினி சாரும் மட்டும் வைத்திருப்பார்கள், தேவைப்படும்போது ஊராட்சிக்குக் கொடுப்பார்கள்.

மன்றத்தில் இருக்கிற கொஞ்சம் பேரால் எல்லாத் தெருவையும் நடந்து முடிக்க முடியாது. கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் வரலாம். தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும், பெரியவர்களிடம் பணிவாகக் கேட்கத் தெரிந்தால் போதும். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் தங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற வீடுகளை மட்டும் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு பழுப்பு உறை தொங்குகிறது. ஒரு சீட்டில் உங்கள் பெயர், வகுப்பு, தெரு மூன்றையும் எழுதி அதில் போடுங்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் லேப்பில் சந்திப்போம்.



இப்படிக்கு,
கணினி மன்ற மாணவி,
மேல்நிலை வகுப்பு, 'ஆ' பிரிவு